வெங்கடேஷ்பாபு எடுத்த ஒரே படம்

மதுரை காமராஜர் சாலையில் வீடியோக் கடை வைத்திருந்த வெங்கடேஷ்பாபுவுக்கு எதிர்த்துப் பேசத் தெரியாது. கல்யாண வீடியோ எடுக்கிறவருக்கு அது பெரிய தகுதி. மற்ற கடைக்காரர்கள் கேசட்டைக் கையில் கொடுத்து, இம்புட்டுத்தான் வந்திருக்கு, பார்த்துக்கங்க என்று அனுப்பிவிடுவார்கள். பாபு அப்படியில்லை. எடுத்ததையெல்லாம் வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு முடிப்பதற்கு அந்தத் தொழிலில் மிக்ஸிங் என்று பெயர். மிக்ஸிங் முடிந்ததும் வீட்டுக்காரர்களைக் கடைக்கு வரச்சொல்லி, பெஞ்சில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, முழுவதையும் போட்டுக் காட்டுவார். அவர்கள் குறை சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். மறுவாரம் அந்தக் குறை ஒன்றுகூட இருக்காது.

குறை சொல்வதற்கா ஆளில்லை? சின்ன மாமனார் மொய் எழுதுவது விட்டுப்போச்சு என்பார்கள். பெண்ணின் அத்தை வாய் நிறையச் சோற்றோடு சிரிக்கிறாள், எடுத்துவிடுங்கள் என்பார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து நல்லகாமன் என்பவருக்கும் அவர் மச்சானுக்கும் கல்யாணம் முடிந்த மறுவாரமே பேச்சுவார்த்தை அறுந்துபோய்விட்டது. அந்த ஆள் படத்தில் எங்கேயும் இருக்கக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார் நல்லகாமன். மச்சானோ தாலி கட்டும்போது மாப்பிள்ளைக்குப் பின்னால் மலை மாதிரி நின்றுகொண்டிருந்தார். சரிங்கண்ணே, எடுத்துருவோம் என்றார் பாபு. முடிச்சுப் போடும் கைகளை மட்டும் பெரிதாக்கி, நடுவில் நாதஸ்வரக்காரரின் உப்பிய கன்னத்தை வைத்து, மேலே அட்சதை விழுவதை வைத்து, ஆறடி மனிதரைக் காணாமல் ஆக்கிவிட்டார். அவன் கல்யாணத்துக்கே வரலையோ என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது என்று நல்லகாமன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அப்படிப்பட்ட கைகாரர் பாபு.

பாபு வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள், தெருவில் தமிழ் பேசுவார்கள். மதுரையில் அது ஒன்றும் அதிசயமில்லை. பாலரங்காபுரத்தில் அவர் குடியிருந்த சந்தில் பாதி வீடுகள் அப்படித்தான். மனைவி ஸ்ரீலட்சுமி. ஒரே மகள் வித்யாஸ்ரீ.

இரண்டாயிரத்து ஒன்றில் புது டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கினார். பதினைந்து வருடம் அடுத்தவர் வீட்டு விசேஷத்தையே எடுத்தவருக்கு, தனக்கென்று ஏதாவது ஒன்று எடுத்துப் பார்ப்போமே என்று ஓர் ஆசை. கதை சின்னது. உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பும் ஒரு பெண், தோட்டின் திருகைத் தொலைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறாள். கடைசிவரை கிடைக்கவில்லை. ஒற்றைக் காதைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு கிளம்பிப் போகிறாள். அவ்வளவுதான். பேச வேண்டியதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி லட்சுமியிடம் கொடுத்தார். அவள் அதைப் படித்துவிட்டு, என் வீட்டுக்குள்ளே, என் புருஷனிடம் நான் எதற்குத் தமிழில் பேச வேண்டும் என்று கேட்டாள். நியாயமாகத்தான் பட்டது. சரி, உனக்கு வருகிறபடி பேசு என்றுவிட்டார்.

லட்சுமி பேசினாள். பாயைத் தூக்கிப் பார்த்தாள், அரிசி டின்னுக்குள் கையை விட்டாள், சாமி படத்துக்குப் பின்னால் தேடினாள், வாய் மட்டும் ஓயவில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்ற புருஷனைத் திட்டினாள். மார்க்கெட்டில் மல்லி விற்கிற விலையைச் சொல்லி அங்கலாய்த்தாள். ஓரகத்தி வாங்கிய புதுக் குக்கரைப் பற்றி விலாவாரியாகச் சொன்னாள். பதினெட்டு நிமிடம். லைட் பிடித்தவர் முத்திருளன். பரவைக்காரர், பாபு வயசுதான், இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அவருக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. இருந்தும் சிரிப்பை அடக்க முடியாமல் லைட்டை ஆட்டிவிட்டார். அதனால் ஒரு இடத்தை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது.

மறுவருடம் ஐப்பசியில் லட்சுமிக்கு மஞ்சள் காமாலை வந்தது. பதினோராவது நாள் போய்விட்டாள். டாக்டர் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னபோது, "சரிங்க சார்" என்றார் பாபு. வாடிக்கையாளர்களிடம் சொல்வாரே, அதே சரிங்க. அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தார். காரியம் முடியட்டும், வரும் என்று நினைத்தார். காரியம் முடிந்த மூன்றாம் நாள் ஒரு கல்யாண மண்டபத்தில் கேமராவோடு நின்றார். அப்போதும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி, நடக்கத்தான் முடிந்தது, தரை தெரியவில்லை. ஏழு வயது வித்யாஸ்ரீயை, இரண்டு சந்து தள்ளியிருந்த லட்சுமியின் அக்கா அலர்மேல்மங்கை பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். பாபு சாயங்காலம் வந்து கூட்டிக்கொள்வார்.

இரண்டாயிரத்து மூன்று தை மாதம் குருபிரசாத் கடைக்கு வந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. மேல மாசி வீதிப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு குறும்படம் போட்டுக் காட்டும் வட்டம் ஒன்றை நடத்திவந்தவர். தங்கை மகள் கல்யாண கேசட்டை வாங்க வந்தவர், கடை டிவியில் ஓடிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். பாபு அதை எப்போதாவது போட்டு வைப்பார், பார்ப்பதற்காக அல்ல. டிவி சும்மா இருக்க வேண்டாமே என்றுதான். யார் எடுத்தது என்று கேட்டார் குருபிரசாத். நான்தாங்க என்றார் பாபு. யார் நடித்தது என்று அவர் கேட்கவில்லை, பாபுவும் சொல்லவில்லை.

அந்த வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்ததும் எடுத்தவர் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்க வேண்டும். பார்த்தவர்கள் கருத்துச் சொல்வார்கள். பெயர்தான் கலந்துரையாடல், பெரும்பாலும் அடிதடிக்கு ஒரு படி கீழே நிற்கும். அந்தக் காலத்தில் மதுரையில் குறும்படம் எடுத்த பையன்கள் பாதிப் பேர் கீழக்குயில்குடிக்குப் போய்ச் சமணர் மலையில் ஒரு தாடிக்காரனை ஏறவிட்டு இறங்கவிட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். அன்றைக்கும் அப்படி ஒன்று போட்டார்கள். எதற்காக ஏழு நிமிடம் நடக்கிறான் என்று ஒருவர் கேட்டார். உங்களுக்குப் புரியாவிட்டால் அது என் பிரச்சினை இல்லை என்று பதில் வந்தது. கேட்டவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்தது பாபு. படம் முடிந்ததும் முன்னால் வந்தார், சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார்.

"என்னென்ன எடுக்கணும், சொல்லுங்க" என்றார்.

மாடியில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். பார்வையாளனை மதிக்கிற கலைஞன் என்றால் இவர்தான் என்றார் ஒருவர். பாபுவுக்கு எதற்குக் கை தட்டுகிறார்கள் என்றே புரியவில்லை. படம் போட்டால் குறை கேட்பார்கள், குறை கேட்டால் எழுதிக்கொள்ள வேண்டும், அவருக்குத் தெரிந்த வேலை அதுதான். கேட்பதற்கு ஒருவர் கிடைத்தால் சொல்வதற்கு நாற்பது பேர் வருவார்கள். இழுவை என்றார்கள். குக்கர் கதை எதற்கு என்றார்கள். பின்னணி இசை வேண்டும் என்றார்கள். எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதம் படம் பதினான்கு நிமிடமாக வந்தது, ஒரு புல்லாங்குழலோடு. இந்த முறை பாஷை பிரச்சினையாயிற்று. அந்த அம்மா என்ன பேசுகிறது என்று ஒன்றும் புரியவில்லையே என்றார்கள். கீழே தமிழில் எழுத்துப் போடலாம் என்றார் குருபிரசாத். விஸ்வேஸ்வரன் என்ற ரிட்டையர்டு தலைமையாசிரியர் எழுந்து, எழுத்தைப் படித்தால் முகத்தைப் பார்க்க முடியாது, முகத்தைப் பார்த்தால் எழுத்தைப் படிக்க முடியாது, பேசாமல் தமிழில் டப்பிங் செய்துவிடுங்கள் என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள். சரிங்க சார் என்று எழுதிக்கொண்டார் பாபு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த மனிதருக்கு அப்போது ஒன்றுமே உறைக்கவில்லை. உறைத்தும் செய்தார் என்றால் கோபப்படலாம். நூறு தடவை ஓட்டி ஓட்டி, லட்சுமியின் குரல் அவருக்கு வெறும் சவுண்டாக ஆகியிருந்தது. எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, எந்த வார்த்தையில் வெட்டலாம் என்பதுதான் தெரிந்தது. அதைவிட, செய்வதற்கு ஒரு திருத்தம் இருந்தால் கடையிலேயே உட்கார்ந்திருக்கலாம். வீட்டுக்குப் போய் அந்தச் சமையலறையைப் பார்க்க வேண்டாம்.

டப்பிங் பேச குருபிரசாத்தின் மனைவி மைத்ரேயி வந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை, சுத்தமான உச்சரிப்பு. கடையின் பின்னறையில் ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்க்க விறுவிறுக்கப் பேசினார். நடுவில் தண்ணீர் குடிக்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டே, "ரொம்ப இயல்பா இருக்காங்க. இவங்களையே தமிழ்ல பேச வச்சிருக்கலாமே?" என்று கேட்டார்.

"அவங்க ஊர்ல இல்லைங்க" என்றார் பாபு.

மூன்றாவது மாதம் மாடியில் சிரிப்பு. வாய் ஒரு பக்கம் போகிறது, பேச்சு ஒரு பக்கம் போகிறது என்றார்கள். உண்மைதான், ஒரு பாஷை பேசிய வாய்க்கு இன்னொரு பாஷை எப்படிப் பொருந்தும். பாபு எழுதிக்கொண்டார். போய் உட்கார்ந்து, வாய் தெரிகிற இடங்களையெல்லாம் எடுத்தார். வாயை எடுத்தால் முகமும் போகும். பாயைத் தூக்கும் கை, அரிசிக்குள் துழாவும் விரல், முதுகு, பின்னல், கதவைத் தாண்டும் பாதம் என்று மிஞ்சியது. மச்சானைக் காணாமல் ஆக்கிய அதே கைவேலை.

நான்காவது மாதம் ஒன்பது நிமிடப் படம் வந்தது. ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. முகத்தைக் காட்டாமலே ஒரு பெண்ணைக் காட்டிவிட்டார், நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் முகமா கொடுத்திருக்கிறோம், என்ன ஆழமான குறியீடு என்று ஒருவர் கண் கலங்கினார். நோட்டில் எழுத அன்றைக்கு ஒன்றும் இல்லை. பாபு நோட்டை மூடினார். வேலை முடிந்துவிட்டது.

வேலை முடிந்தால் டேப் சுற்றுக்கு வர வேண்டும், அது கடையின் சட்டம். வீட்டுக்காரர்கள் சரி என்று சொல்லிவிட்டால், எடுத்த டேப்பில் அடுத்த விசேஷத்தை எடுப்பார்கள். கம்ப்யூட்டரிலும் இடம் குறைவு, ஒன்றை அழித்தால்தான் இன்னொன்றை ஏற்றலாம். கடை டிவியில் ஓடி, பிறகு குருபிரசாத்திடம் போன கேசட்டையும் பாபு ஒவ்வொரு மாதமும் திரும்ப வாங்கி, பழசின் மேலேயே புதுசைப் பதிந்து கொடுத்திருந்தார். பழைய குறையோடு ஒரு படம் வெளியில் கிடப்பது அவருக்குப் பிடிக்காது. அந்த வைகாசியில் முகூர்த்தம் நெருக்கி அடித்தது. பரவையில் ஒரு காய்கறிக் கமிஷன்கடைக்காரர் வீட்டுச் சடங்குக்குக் கிளம்பும்போது டேப் போதவில்லை. அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்துக் கேமராவில் போட்டார் பாபு. முத்திருளன் பார்த்துவிட்டார்.

"மாப்ள, அது தங்கச்சி பேசுன டேப்புல்ல?"

"படந்தான் முடிஞ்சுபோச்சே, மாப்ள."

முத்திருளன் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அவரவர் துக்கத்தில் அடுத்தவர் கை வைக்கக் கூடாது என்று நினைத்தாராம், பிற்பாடு சொன்னார். லைட்டைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார்.

அந்த வருடக் கடைசியில் சென்னையில் ஒரு போட்டியில் படத்துக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. சேதி பாலரங்காபுரத்துக்குள் வந்ததும், சௌராஷ்டிர சங்கத்துச் செயலாளர் ராமமூர்த்தி தேடிவந்து, நம் ஆள் ஒருவர் பரிசு வாங்கியிருக்கிறார், நம் மண்டபத்தில் போட்டுக் காட்ட வேண்டாமா என்றார். தை மாதத்தில் ஒரு ஞாயிறு காலையைக் குறித்தார்கள்.

வித்யாஸ்ரீ ஒரு வருடமாக இதற்குத்தான் காத்திருந்தாள். அம்மா நடித்த படம் என்று அவளுக்குத் தெரியும். எடுக்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள், பார்த்ததில்லை. கடைக்குப் போகிறவளும் இல்லை. காட்டுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். முடியட்டும், முழுசாக முடிந்த பிறகு காட்டுகிறேன் என்றே பாபு சொல்லிவந்தார். முடிந்த பிறகோ வேலை நெருக்கடியில் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. அரைகுறை மிக்ஸிங்கை எந்த வாடிக்கையாளருக்கும் அவர் காட்டியது கிடையாது, பெற்ற மகளுக்கு மட்டும் காட்டுவாரா? அவளுக்கு நல்லதாகத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைத்தார். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை.

அலர்மேல்மங்கை அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, முன்வரிசையில் மடியோடு சேர்த்து உட்காரவைத்துக்கொண்டாள். விளக்கை அணைத்தார்கள். கை வந்தது. முதுகு வந்தது. மைத்ரேயியின் சுத்தமான தமிழ் மண்டபம் முழுக்கக் கணீரென்று கேட்டது. பாபு பக்கவாட்டில் நின்று, படத்தை அல்ல, பார்ப்பவர்களைத்தான் பார்த்தார். அது அவர் பழக்கம், எந்த இடத்தில் கவனம் சிதறுகிறது என்று தெரிந்துகொள்ள. வித்யாஸ்ரீ அசையவே இல்லை. அலர்மேல்மங்கை பாதியிலேயே தலையைக் குனிந்துகொண்டாள்.

கை தட்டினார்கள். ராமமூர்த்தி சால்வை போர்த்தினார். பாபு வழக்கம்போல, ஏதாவது குறை இருந்தால் சொல்லுங்கள் என்றார். பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. நம்ம பாபு மகள்தான் என்று ராமமூர்த்தி சிரித்துக்கொண்டே மைக்கைத் தாழ்த்திப் பிடித்தார். குழந்தை அவர்கள் பாஷையிலேயே கேட்டாள்.

"அம்மா பேசுறது எப்ப வரும்?"

முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு, லட்சுமியைத் தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது.  பாபு பேனாவைத் திறந்தபடி நின்றார். இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள், சரி என்று சொல்ல வாய் வராதது அன்றைக்குத்தான். அலமாரி, கம்ப்யூட்டர், குருபிரசாத்தின் கேசட் என்று மனசு ஒவ்வொன்றாகப் போய்த் தேடிவிட்டுத் திரும்பியது. அவருக்கும் லட்சுமிக்கும் நடந்த கல்யாணத்தின் கேசட் ஒன்று இருந்தது. அதில் முழுக்க சினிமாப் பாட்டு. அவரே போட்டது.

"வராது பாப்பா. அப்பா எடுத்துட்டேன்" என்றார்.

அலர்மேல்மங்கை எழுந்து வெளியே போனாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அதன் பிறகு இரண்டு வருடம் அவள் அவரிடம் பேசவில்லை, குழந்தைக்குச் சோறு போடுவதையும் நிறுத்தவில்லை.

மத்தியானம் வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் வித்யாஸ்ரீ அப்பாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அம்மா அதில் என்ன பேசினாள் என்று கேட்டாள். பாபுவுக்கு அது தெரியும். பதினெட்டு நிமிடமும் தெரியும். எந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை, எங்கே மூச்சு வாங்கினாள், எங்கே வளையல் சத்தம் குறுக்கே வந்தது எல்லாம் வரிசையாக இருந்தது. சொல்ல ஆரம்பித்தார். திருகைப் பார்த்தீர்களா என்று கேட்டது, பாயை உதறியது, மல்லி விலை, ஓரகத்தியின் குக்கர், சும்மா நிற்காமல் கட்டிலுக்கடியில் பாருங்களேன் என்று திட்டியது. ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். டாக்டரிடம் சரிங்க சார் என்று சொன்ன அதே குரலில் சொன்னார். வேறு குரல் அவரிடம் இல்லை.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு இல்லை என்று தலையசைத்தாள்.

"இப்படி இல்லப்பா."

"இதுதான் பாப்பா. இதே வார்த்தைதான்."

"வார்த்தை சரி. அம்மா இப்படிச் சொல்ல மாட்டாங்க."

"எப்படிச் சொல்லுவாங்க? சொல்லு, அப்பா மாத்திக்கிறேன்."

வித்யாஸ்ரீ சொல்லிக் காட்டுவதற்காக வாயைத் திறந்தாள். திறந்தபடியே இருந்தாள். கண்ணைச் சுருக்கி, சுவரைப் பார்த்து, தரையைப் பார்த்து யோசித்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"தெரியலப்பா. ஆனா இப்படி இல்ல" என்றாள்.

அவருக்கு அப்போதுதான் வலித்தது. ஒன்றேகால் வருடமாக எங்கோ நின்றிருந்தது நெஞ்சுக்குள் வந்து இறங்கியது. அப்போதும் அழுகை வரவில்லை, வலி மட்டும் வந்தது. குழந்தை அவர் முழங்காலைத் தொட்டு, முதலிலிருந்து சொல்லுங்கள் என்றாள். அவர் முதலிலிருந்து சொன்னார்.